விட்டால் நிற்க வேண்டும்

அந்தப் புல் வெட்டும் இயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஜீப்பின் பின்பக்கத்தில், கயிறு போட்டுக் கட்டப்பட்டு. சூரியநெல்லிப் பக்கம் ஒரு பழைய பங்களாவைத் தங்கும் விடுதியாக நடத்தியவர்கள் கடையை மூடியபோது அங்கிருந்த புல்வெளிக்கும் வேலை போனது. பழைய இரும்புக்குப் போகவிருந்ததை அப்பா பேரம் பேசி வாங்கிவிட்டார். பின்னால் நடந்துகொண்டே ஓட்டுகிற ரகம். நாலு சக்கரம், மேலே பெட்ரோல் என்ஜின், அடியில் ஒரே ஒரு நீளக் கத்தி, கைப்பிடியில் இரண்டு லீவர். ஒன்று கத்திக்கு, இன்னொன்று சக்கரத்துக்கு.

"இது பங்களா வச்சிருக்கவங்களுக்கு உள்ளதுப்பா. நமக்கெதுக்கு?" என்று போனில் கேட்டேன்.

"வந்து பாரு, தெரியும்" என்றார்.

எங்களுக்கு இருப்பது முந்தலில் மூன்று ஏக்கர் மாந்தோப்பு. போடியிலிருந்து மேற்கே போனால் மலை தொடங்குகிற இடம் முந்தல். அங்கிருந்து ஒரு சாலை குரங்கணிக்குப் பிரியும், இன்னொன்று கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டுக்குப் போகும். தோப்பு கிழக்கு நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். ஐப்பசி மழை விழுந்தால் பத்தே நாளில் புல் முழங்காலைத் தாண்டும். உழுது போட்டால் அடுத்த மழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். மருந்தடிக்க அப்பாவுக்கு மனசில்லை. அப்படியே விட்டால் பாம்பு. அதனால் புல்லை வேரோடு பிடுங்காமல் தலையை மட்டும் வெட்டி, வெட்டியதை அங்கேயே மூடாக்காக விடவேண்டும் என்பது அவர் கட்சி.

அது அவர் ஏலத் தோட்டத்தில் கற்றது. ஏலச் செடியின் வேர்கள் ஆழம் போகாதவை, மேல்மண்ணிலேயே பரவுபவை. தூரைச் சுற்றிக் கொத்தினால் வேர் அறுபடும். ஆகவே மலையில் களையை வெட்டி விடுவார்களே தவிரக் கொத்த மாட்டார்கள். பூப்பாறைக்கு மேலே எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருந்தது. முதலில் அரிவாள், பிறகு தோளில் மாட்டுகிற புல்வெட்டி மிஷின். கூலிக்கு ஆள் கிடைக்காத வருடங்களில் அப்பாவே பன்னிரண்டு, பதிமூன்று வருடம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் நின்றிருக்கிறார். 2018 ஆகஸ்ட் மழையில் தோட்டத்தின் ஒரு மூலை சரிந்து கீழே போனது. அந்த வருடக் கடைசியில் விற்றார். அடுத்த வருடம் ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது.

பெயரிலேயே வேடிக்கை உள்ள ஊர் எங்களுடையது. விளைவதும் ஏலம், விற்பதும் ஏலம். இப்போது வியாபாரிகள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறார்கள். அப்பா போன காலத்தில் வாயால் கூவுவார்கள். இன்றும் அவர் எதையாவது முடிவு செய்தால், "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று சொல்லித்தான் முடிப்பார். எனக்குக் கல்லூரி தேர்ந்தெடுத்ததும் அப்படித்தான்.

*

நான் மென்பொருள் எழுதுகிறவன். இரண்டு வாரம் பெங்களூரு அலுவலகம், இரண்டு வாரம் போடி வீட்டின் மாடி அறை. பொறியியல் பட்டம் இருக்கிறதே தவிர, ஸ்பேனர் பிடித்தது கல்லூரிப் பட்டறையோடு சரி. ஆனால் 'ஓடவில்லை' என்று எதைச் சொன்னாலும் ஏன் என்று பார்க்காமல் இருக்க முடியாத வியாதி உண்டு.

முதல் புகார் சக்கரம். சமதளத்தில் தானாக நகர்ந்தது, மேட்டைக் கண்டால் நின்றது. என்ஜின் உறுமும், கத்தி சுற்றும், வண்டி மட்டும் அசையாது.

எந்த வேலைக்கும் முன்னால் பிளக் கேப்பைக் கழற்றிவிட வேண்டும். கத்தியைக் கையால் திருப்பினாலே என்ஜின் ஒரு துடிப்பு துடித்துவிடலாம், ஒரு துடிப்புக்கு விரல் போதும். சாய்ப்பதென்றால் காற்று வடிகட்டி இருக்கிற பக்கம் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயம் எனக்குத் தெரியாமல் போனதால், முதல் நாள் ஆயில் வடிகட்டிக்குள் இறங்கி, அடுத்து கிளப்பியபோது தோப்பு முழுக்க வெள்ளைப் புகை. முந்தல் சோதனைச்சாவடி வரை தெரிந்ததாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார்.

சக்கர லீவரிலிருந்து ஒரு கேபிள் பின் அச்சுக்குப் போகிறது. லீவரை அமுக்கினால் பெல்ட் இறுகும், என்ஜினின் சுழற்சி பெல்ட் வழியாகக் கியர்பெட்டிக்கும் அங்கிருந்து அச்சுக்கும் போகும். விட்டால் பெல்ட் தளரும். கேபிள் நாள்பட்டு நீண்டால் பெல்ட் முழுதாக இறுகாமல் வழுக்கும். அட்ஜஸ்டர் நட்டைத் திருகித் தொய்வை எடுத்தேன். உற்சாகத்தில் இரண்டு சுற்று கூடப் போய்விட்டது. கிளப்பியதும் வண்டி லீவரைத் தொடாமலே நடக்க ஆரம்பித்தது. அப்பா அதன் பின்னால் ஓடிக்கொண்டே, "நிப்பாட்டுடா" என்றார். ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன்.

அப்படியும் மேடு ஏறவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, சக்கர லீவரை அமுக்கிப் பிடித்தபடி வண்டியைப் பின்னால் இழுத்தால் பின்சக்கரங்கள் இரண்டும் இறுகி நிற்க வேண்டும். லீவரை விட்டு ஒரு சாண் முன்னால் தள்ளிவிட்டு இழுத்தால் இரண்டும் லேசாக உருள வேண்டும். எங்களுடையதில் வலது இறுகியது, இடது உருண்டது. சக்கரத்தைக் கழற்றினேன். அச்சு நுனியில் ஒரு குட்டிப் பல்சக்கரம், அதற்குள் ஒரு சிறிய சாவி. அச்சு முன்னால் சுழலும்போது அந்தச் சாவி நீட்டிக்கொண்டு பல்சக்கரத்தைக் கவ்வ வேண்டும். பங்களாப் புல்லின் சாறு காய்ந்து பசையாகி அதை உள்ளேயே ஒட்டி வைத்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவினேன். ஒழுங்காக இருக்கட்டும் என்று வலதையும் கழற்றிக் கழுவினேன். இரண்டு பல்சக்கரங்களும் ஒரே தட்டில் கிடந்தன. இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு என்று தெரியாமல் மாற்றிப் பூட்டிவிட்டேன். முன்னால் தள்ளினால் இறுகியது, பின்னால் இழுத்தால் சுழன்றது. மறுபடி கழற்றி, மாற்றிப் போட்டதும் மேட்டில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது.

"இஞ்சினியர்தான்டா நீ" என்றார் அப்பா. படிப்பு முடிந்து பதிமூன்று வருடத்தில் முதல்முறை.

*

இரண்டாவது புகார் அடுத்த வாரம் வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும்போது பட்டென்று நின்றுவிடுகிறது. கயிற்றை இழுத்தால் உடனே கிளம்புகிறது. பத்து நிமிடத்தில் மறுபடி நிற்கிறது.

இந்த இயந்திரத்தின் ஆதி வடிவத்தை 1830-இல் உருவாக்கியவர் எட்வின் பட்டிங். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்னும் துணி ஆலை ஊர்க்காரர். ஆலையில் கம்பளித் துணியின் மேல்பிசிறைச் சீவும் உருளைக் கத்தியைப் பார்த்து, புல்லுக்கும் அதுவே ஆகும் என்று நினைத்தவர். அந்த உருளைக் கத்தி, தள்ளுவதை நிறுத்தினால் தானும் நிற்கும். பிறகு வந்த என்ஜின் கத்தி அப்படியில்லை. தள்ளுகிறவர் வழுக்கி விழுந்தாலும் அது பாட்டுக்குச் சுற்றும். விரல்களும் பாதங்களும் நிறையப் போனபின் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. 1982 நடுவிலிருந்து, பின்னால் நடந்து ஓட்டும் இயந்திரங்களில் பிடியை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால், ஒரு கால் இருக்கக்கூடிய இடத்தில் கத்தி விநாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. 3 விநாடி என்பது குறைவான நேரமில்லை.

எங்கள் இயந்திரத்தில் இதன் அமைப்பு எளிது. கத்தி லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருக்கும் வரை என்ஜின் ஓடும். விட்டால் ஒரு ஸ்பிரிங் பிரேக் கட்டையைப் ஃப்ளைவீல் மேல் அழுத்தும், கூடவே பிளக்குக்குப் போகும் மின்சாரமும் துண்டாகும். ஆகவே 'திடீரென்று நிற்கிறது' என்றால் பார்க்க வேண்டியவை இவை: பெட்ரோல் வருகிறதா, பிளக் சரியா, லீவர் கேபிள் தொய்ந்திருக்கிறதா, பிரேக் கட்டை முழுதாக விலகுகிறதா, மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறிய ஸ்விட்ச் தானாகத் தொடுகிறதா.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதிது ஊற்றினேன். கார்புரேட்டரைக் கழுவினேன். பிளக் மாற்றினேன். கேபிளைப் போடியில் ஒரு டூவீலர் மெக்கானிக் அண்ணனிடம் காட்டி, கிளட்ச் கேபிளை வெட்டி அதே நீளத்தில் ஒன்று செய்து வாங்கினேன். பிறகு நானே முக்கால் மணி நேரம் ஓட்டினேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. அப்பாவிடம் கொடுத்தேன். எட்டாவது நிமிடம் நின்றது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழைய கேலி இருக்கிறது. பிழை என்று யாராவது வந்தால், "என் மிஷின்ல ஓடுதே" என்போம். அதையேதான் அப்பாவிடமும் சொன்னேன்.

"ஒழுங்கா அமுக்கிப் பிடிங்கப்பா."

"அமுக்கித்தான்டா பிடிச்சிருக்கேன்."

"திரும்புறப்ப விடுறீங்க."

"நான் எங்கடா விட்டேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த உண்மை அதுதான். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

சந்தேகத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை செய்தேன். சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, கத்தி லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினேன். லீவர் அசையவே முடியாது. இப்போதும் நின்றால் கோளாறு என்ஜினில். நிற்காவிட்டால் கோளாறு லீவர் பக்கம். அப்பா ஓட்ட, நான் பிளக் கேப்பைப் பிடுங்கத் தயாராகப் பக்கவாட்டில் நடந்தேன். இருபத்தைந்து நிமிடம், மூன்று வரிசை மரம். நிற்கவே இல்லை.

கோளாறு லீவர் பக்கம் என்று முடிவானது. லீவர் பக்கம் என்றால் என் மனதில் இருந்தது லீவர், கேபிள், ஸ்பிரிங், பிரேக் கட்டை, ஸ்விட்ச். கேபிளை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். லீவரின் ஆணிக்கு எண்ணெய் விட்டேன். டியூப் பட்டையை அவிழ்த்துக் கைப்பிடியிலேயே சுற்றி வைத்தேன். அன்றிரவு பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

நாலு நாள் கழித்துப் போனில் கேட்டேன்.

"மிஷின் எப்படிப்பா ஓடுது?"

"ஜம்முன்னு ஓடுது. நின்னதே இல்ல."

எனக்கு ஒரே பெருமை. மதியச் சாப்பாட்டின்போது நண்பர்களிடம் இந்தக் கதையை முழுவதும் சொன்னேன்.

*

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது ஒரு மாலை தோப்பில் மோட்டார் ரூமுக்குள் ஸ்பேனர் தேடினேன். உர மூட்டைகளுக்குப் பின்னால் அப்பாவின் ரப்பர் செருப்பு கிடந்தது. இடது கால் செருப்பு மட்டும். முன்பக்கம் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடம் பிறைபோல வெட்டப்பட்டிருந்தது. பிசிறில்லாத வெட்டு.

வெளியே வந்து இயந்திரத்தைப் பார்த்தேன். கத்தி லீவர் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. என் டியூப் பட்டைதான். முடிச்சு மட்டும் அவருடையது, ஏல மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. மரத்தடியில் சொட்டுநீர்க் குழாய் இரண்டு இடத்தில் புதிதாக இணைக்கப்பட்டிருந்தது.

அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். செருப்பை அவர் பக்கத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"அம்மாட்ட சொல்லாத" என்றார் முதலில். பிறகு, "மரத்தச் சுத்திப் பின்னால இழுத்தேன். ஈரம். வழுக்கிருச்சு. கைய விட்டுட்டேன். அது நிக்கல."

"கால்?"

"செருப்பு கழண்டுருச்சு. அதான் கால் தப்புச்சு. கீழ கெடந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு."

ஏன் கட்டினீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் பதில் என்னிடம்தான் இருந்தது. சோதனைக்குக் கட்டுவதற்கும் வேலைக்குக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. கட்டினால் நிற்காது என்பதை மட்டும் காட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தை மோட்டார் ரூம் நிழலில் நிறுத்தினேன். "ஒண்ணும் ஓட்ட வேணாம்பா. லீவரை மட்டும் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க" என்றேன். லீவர் முழுதாக அமுங்கியிருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். அவர் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்றார். போடிமெட்டுச் சாலையில் ஒரு லாரி திரும்பித் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதன் வளைவுகளை எண்ணினார்.

நாலாவது நிமிடம் லீவர் கோட்டைவிட்டு ஒரு விரற்கடை மேலே வந்தது. ஆறாவது நிமிடம் பாதி எழும்பிவிட்டது. அவர் இன்னும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, விட்டுட்டீங்க."

"இல்லையே, பிடிச்சிருக்கேனே" என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். தன் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லீவரின் மேல் சும்மா கிடந்தன. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல ரொம்ப நேரம் பார்த்தார்.

*

அம்மாவுக்கு ஒரு வருடமாகத் தெரிந்திருக்கிறது. "ராத்திரி எந்திரிச்சு உக்காந்து கைய உதறிக்கிட்டே இருப்பாரு. கேட்டா மரத்துப்போச்சும்பாரு. சட்டைப் பொத்தான் நான்தான் போட்டு விடுறேன்" என்றார். டம்ளர் இரண்டு உடைந்திருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு துண்டை வைத்திருந்தோம். சேர்த்துப் பார்த்தவர் யாருமில்லை.

மதுரையில் நரம்புப் பரிசோதனை செய்தார்கள். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் தசைநாண்களோடு ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் கைக்குள் போகிறது. பாதை நெருங்கினால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்துப்போகும், பிடி தளரும். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அதிர்கிற மிஷின் ஏதாவது ரொம்ப நாள் பிடிச்சிருக்கீங்களா?" அப்பா என்னைப் பார்த்தார். ஏலத் தோட்டத்தின் பன்னிரண்டு, பதிமூன்று வருடங்களை எப்படிச் சொல்வது என்று யோசித்தவர், "கொஞ்ச நாள்" என்றார்.

நாங்கள் எழுதுகிற மென்பொருளில் காவலுக்கு ஒரு கடிகாரம் வைப்போம். ஓடுகிற நிரல் குறித்த இடைவெளியில் 'நான் இருக்கிறேன்' என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லத் தவறினால் அது நிரலைக் கொன்று மறுபடி தொடங்கும். புறநகர் மின்சார ரயிலை ஓட்டுகிறவர் பிடியை அமுக்கியே வைத்திருக்க வேண்டும் என்பதும் இதே கணக்குதான். கை தளர்ந்தால் பிரேக் விழும். அந்தக் காவல் நடுராத்திரியில் அடிக்கடி அலறினால் நாங்கள் என்ன செய்வோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் காரணம் தேடுவோம். கிடைக்காவிட்டால், விடியட்டும் என்று அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவோம். விடிந்தபின் அது நினைவுக்கு வராது.

எங்கள் இயந்திரத்தில் அந்த வாரங்களில் மிகச் சரியாக வேலை செய்த பாகம் அந்த லீவர்தான். அப்பாவின் கை விடுகிறது என்பதை, அப்பாவுக்கே தெரியாததை, அது எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னது. அதைத்தான் நான் கோளாறு என்று பெயர் வைத்துத் தேடினேன், கடைசியில் கட்டியும் போட்டேன். நான் எழுதிய பாகங்களின் பட்டியலில் கேபிள் இருந்தது, ஸ்பிரிங் இருந்தது, ஸ்விட்ச் இருந்தது. கை இல்லை.

தை மாதம் அப்பாவுக்கு மணிக்கட்டில் சிறிய அறுவை செய்தார்கள். காலையில் போய் மாலையில் வந்துவிட்டோம். ராத்திரி மரப்பு உடனே போனது. பிடியின் பலம் மெதுவாகத்தான் வரும், முழுதாக வருமா என்பது நரம்பு எவ்வளவு நாள் நசுங்கியிருந்தது என்பதைப் பொறுத்தது என்றார் டாக்டர்.

இயந்திரத்தில் நான் செய்த கடைசி வேலை சிறியது. பிரேக் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் லீவரைப் பிடிப்பது லேசாகும் என்று ஒருவர் யோசனை சொன்னார். லேசாகும்தான், கத்தி நிற்கவும் நேரமாகும். ஸ்பிரிங்கைத் தொடவில்லை. கேபிளைக் கழற்றி, உறைக்குள் எண்ணெய் விட்டு, கூர்மையாக மடங்கியிருந்த ஓர் இடத்தை அகலமாக வளைத்துக் கட்டினேன். அதே சைக்கிள் டியூபைக் கைப்பிடியைச் சுற்றித் தடிமனாகச் சுற்றினேன். லீவரோடு சேர்க்காமல், கைப்பிடிக்கு மட்டும். தடித்த பிடியைப் பிடிப்பது நோகிற கைக்குச் சுலபம்.

இப்போதைக்கு ஓட்டுவது நான். அப்பா வரிசைக்கு வரிசை கூடவே வருகிறார். சரிவில் மேலும் கீழுமாகப் போகாதே, குறுக்காகப் போ என்கிறார். மரத்தைச் சுற்றும்போது பின்னால் இழுக்காதே என்கிறார், அதை அவரைவிட யாரும் அழுத்திச் சொல்ல முடியாது. வேலை தொடங்குமுன் ஒரு சோதனை உண்டு. கிளப்பி, முழு வேகத்துக்கு வந்ததும், நான் லீவரை விடுவேன். கத்தியின் இரைச்சல் அடங்கும் வரை அவர் எண்ணுவார்.

"ஒரு தரம்."

என்ஜின் அடங்குகிறது.

"ரெண்டு தரம்."

அடியில் கத்தி காற்றை அறுக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது.

மூன்றாம் தரம் சொல்வதற்குள் அது நின்றிருக்க வேண்டும். நின்றால், "சரி, ஓட்டு" என்கிறார்.